ஒரு இறாத்தல் தானியமும் பொருளியல் மனிதனும்

1

நான் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த நான்காம் மாதம் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க வந்திருந்தவர் எண்பதுகளில் இங்கு வந்த ஒரு அண்ணை. ஊர், பிறந்த திகதி, கைது, முகாம் என்று எல்லாம் கேட்டு முடிந்த பிறகு அதிகாரி கேட்டார்: "நீங்கள் ஏன் இந்த நாட்டைத் தெரிவு செய்தீர்கள்?"

நான் தெரிவு செய்யவில்லை. ஏஜென்சிக்காரன் கனடா என்று சொல்லித்தான் காசு வாங்கினான். மொஸ்கோவில் ஒரு மாடி வீட்டில் பதினொரு பேரோடு ஐந்து மாதம் அடைபட்டுக் கிடந்தேன். பிறகு ஒரு லொறி. அதன் கதவைத் திறந்து இறங்கச் சொன்ன இடம் ஜேர்மனியாக இருந்தது. இதைத்தான் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்: இங்கே அகதிகளுக்குக் கொடுக்கும் உதவிப்பணம் பற்றி வருவதற்கு முன்பே தெரிந்திருந்ததா?

அவர் கெட்ட மனிதரல்ல. இடையில் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தார். ஆனால் அவருடைய கேள்விக்குள் ஒரு மனிதன் உட்கார்ந்திருந்தான். உலக வரைபடத்தை விரித்து வைத்து, எந்த நாட்டில் எவ்வளவு தருகிறார்கள் என்று கணக்குப் பார்த்து, இலாபமான இடத்துக்கு ரிக்கற் எடுக்கும் மனிதன். அன்றிரவு முகாமில் படுத்திருந்தபோதுதான் அவனை எனக்கு முன்பே தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. அவனை நான் முதன்முதலில் யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூசன் கொட்டிலில் சந்தித்திருந்தேன்.

உயர்தர வகுப்புப் பொருளியலில் அவனுக்குப் பெயர் பகுத்தறிவுள்ள நுகர்வோன். தனக்கு என்ன வேண்டும் என்பது அவனுக்குத் திட்டமாகத் தெரியும். எல்லா விலையும் தெரியும். கடைசி ரூபாயையும் அதிக பயன்பாடு எதில் கிடைக்குமோ அதில் செலவழிப்பான். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை, அயலட்டை இல்லை, ஊரும் இல்லை. கேள்வி வளையியும் நிரம்பல் வளையியும் அவனுடைய முதுகில்தான் கீறப்பட்டிருந்தன. ஒவ்வொரு விதிக்கும் முன்னால் "ஏனையவை மாறாதிருக்க" என்று ஒரு தொடர் வரும். அதை எழுத மறந்தால் எங்கள் மாஸ்ரர் இரண்டு புள்ளி குறைப்பார்.

2006 ஆவணியில் ஏ-9 பாதை பூட்டப்பட்டது. ஏனையவை எல்லாம் மாறிப்போயின. சீனியும் மாவும் மண்ணெண்ணெயும் இல்லாமற் போயின. சங்கக்கடை வாசலில் விடியப்புறமே கியூ. எங்கள் ஒழுங்கைக் கடைக்காரர் சீனியைப் பின்னறையில் ஒளித்து வைத்துக் கொழுத்த விலைக்கு விற்றார் என்பது ஊருக்கே தெரியும். மாஸ்ரர் சொல்லித் தந்த மனிதன் இதோ என்று நினைத்தேன். ஆனால் அதே கடைக்காரர் எங்கள் அம்மாவின் கடன் கொப்பியை ஒரு நாளும் மூடவில்லை. காசு எப்ப வரும், வருமா என்று கேட்காமலே அரிசி நிறுத்துத் தந்தார். இந்த இரண்டு கடைக்காரரையும் ஒரே வளையிக்குள் எப்படி அடக்குவது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பிறகு பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்கப் போனேன். இரண்டாம் வருடத்தோடு அது நின்றுபோனது. ஏன் நின்றது என்பது இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லி விளங்க வேண்டியதல்ல. இப்போது ஒரு இத்தாலிய றெஸ்ரோறன்ரின் குசினியில் வேலை. திங்கட்கிழமைகளில் கடை பூட்டு. அந்த ஒரு நாளில் நகர நூலகத்தில் இருந்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கிறேன். இக்கட்டுரை அந்தத் திங்கட்கிழமைகளில் சேர்ந்தது. பொருளியல் மனிதன் எங்கே பிறந்தான், யாருடைய கையில் வளர்ந்தான், எங்கள் பக்கத்துக்கு எப்போது வந்தான் என்று பார்ப்பதே நோக்கம்.

2

இவனுடைய தகப்பன் அடம் ஸ்மித் என்பதுதான் வழக்கமான கதை. 1776 இல் வெளிவந்த "நாடுகளின் செல்வம்" நூலில், இறைச்சிக் கடைக்காரரும் பாண் போறணைக்காரரும் எங்கள் மீது கொண்ட அன்பினால் அல்ல, தங்கள் நலனுக்காகவே எங்களுக்குச் சாப்பாடு தருகிறார்கள் என்ற கருத்து வருகிறது. எல்லாப் பாடப்புத்தகமும் இந்த இடத்தைச் சொல்லும். அதற்குப் பதினேழு வருடங்களுக்கு முன், 1759 இல், அதே ஸ்மித் மனித உணர்வுகளைப் பற்றி இன்னொரு பெரிய நூல் எழுதினார் என்பதை அநேகம் சொல்லாது. மனிதன் எவ்வளவு சுயநலக்காரனாகத் தோன்றினாலும், மற்றவனின் துக்கத்திலும் சந்தோசத்திலும் அவனுக்குப் பங்கு உண்டு என்ற கருத்தோடுதான் அந்த நூல் ஆரம்பிக்கிறது. ஸ்மித் கிளாஸ்கோவில் ஒழுக்கத் தத்துவம் படிப்பித்தவர். தன்னுடைய இரண்டு புத்தகங்களில் ஒன்றைத்தான் உலகம் வைத்துக்கொள்ளும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பொருளியல் மனிதனுக்கு முறையான பிறப்புப் பத்திரம் எழுதியவர் ஜோன் ஸ்ருவார்ட் மில். 1836 இல் வெளியான ஒரு கட்டுரையில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: அரசியற் பொருளாதாரம் மனிதனை முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. செல்வத்தை விரும்புபவன், உழைப்பை வெறுப்பவன், இன்பத்தை உடனே அனுபவிக்க நினைப்பவன் என்ற பக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து, மனிதன் அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறது. மனிதர் உண்மையிலேயே இப்படித்தான் என்று நினைக்கும் அளவுக்கு எந்தப் பொருளியலாளனும் மடையனாக இருந்ததில்லை என்றும் அவர் அங்கேயே எழுதி வைத்தார். வீடு கட்டும்போது போடும் சாரத்தை வீடு என்று எவரும் நினைக்கக்கூடாது என்பது போன்ற எச்சரிக்கை அது.

இதை எழுதிய காலத்தில் மில் இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகத்தர். 1823 இலிருந்து 1858 வரை, முப்பத்தைந்து வருடம், இந்தியாவுக்குப் போகும் கடிதங்களின் மத்தியில் அவர் இருந்தார். இந்தத் தகவல் பிறகு எங்களுக்குத் தேவைப்படும்.

அவருக்குப் பிறகு வந்தவர்கள் எச்சரிக்கையை உதிர்த்துவிட்டுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1871 இல் இங்கிலாந்தில் ஜெவோன்ஸ், அதே வருடம் வியன்னாவில் மெங்கர், 1874 இல் லொசானில் வல்ராஸ் ஆகியோர் எல்லைப் பயன்பாட்டுக் கோட்பாட்டைத் தனித்தனியாகக் கண்டடைந்தார்கள். ஜெவோன்சும் வல்ராசும் அதைக் கணிதமாகவே எழுதினார்கள். கணிதம் வந்ததும் சாரத்தின் மேலேயே குடியிருக்கத் தொடங்கிவிட்டார்கள்.

3

இதெல்லாம் புத்தகத்துக்குள் நடந்த கதை. புத்தகத்துக்கு வெளியே அந்த மனிதன் அதற்கும் முன்பே நடமாடத் தொடங்கியிருந்தான்.

1834 இல் இங்கிலாந்தில் புதிய ஏழைகள் சட்டம் வந்தது. உதவி பெறுகிறவனின் நிலைமை, வெளியே உழைக்கும் ஆகக் கீழான கூலியாளின் நிலைமையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. இல்லாவிட்டால் எவனும் வேலைக்குப் போகமாட்டான் என்பது கணக்கு. ஆகவே வேலைவீடுகள். அங்கே புருசன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம். உண்மையாகவே வழியற்றவன் எவன், பொய்க்காரன் எவன் என்று விசாரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. உதவியை அவமானமாக்கிவிட்டால் வழியற்றவன் மட்டும் வருவான். ஒரு பொறி வைத்துவிட்டு, அதற்குள் வந்து விழுகிறவனே உண்மையான ஏழை என்று சொல்வது போன்ற ஏற்பாடு.

மில்லின் கட்டுரையில் கணக்கிடும் மனிதன் வணிகனும் ஆலைக்காரனும் நிலக்காரனும்கூட. சட்டத்தில் அவன் ஏழை மட்டும். பணக்காரனின் சுயநலம் ஊரை வாழவைக்கும், ஏழையின் சுயநலம் ஊரைக் கெடுக்கும் என்ற பிரிவினை இங்கேதான் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பிரிவினையைக் கவனியுங்கள். இன்றுவரை அது போகவில்லை.

இந்தப் படிப்பு இந்தியாவுக்குக் கப்பலேறிய துறைமுகம் ஹெய்லிபரி. கிழக்கிந்தியக் கம்பனி தன் உத்தியோகத்தரைப் பயிற்றுவிக்க அமைத்த கல்லூரி அது. 1805 இலிருந்து இறக்கும்வரை அங்கே அரசியற் பொருளாதாரம் படிப்பித்தவர் சனத்தொகைக் கோட்பாட்டுக்குப் பெயர்போன மல்தஸ். இந்தியாவை ஆளப் போகும் இளைஞர்கள் ஸ்மித்தையும் அங்கேதான் படித்தார்கள். ஸ்மித்தின் நூலில் தானிய வணிகம் பற்றிய ஒரு பகுதி உண்டு. பஞ்சம் வருவது இயற்கையாலல்ல, பற்றாக்குறையைத் தீர்க்கிறேன் என்று அரசாங்கம் சந்தைக்குள் கை வைப்பதனாலேயே என்பது அதன் வாதம். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தானியச் சந்தையை மனதில் வைத்துப் பெரும்பாலும் எழுதப்பட்ட அந்த வாதம், நூறு வருடம் கழித்துச் சேலத்திலும் பெல்லாரியிலும் சட்டமாக நின்றது.

4

1876 இல் தென்னிந்தியாவில் இரண்டு பருவமழையும் பொய்த்தன. தமிழர் அதைத் தாது வருசப் பஞ்சம் என்று நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டின் இறுதியில் சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் அரசாங்கம் 30,000 தொன் தானியத்தை இரகசியமாக வாங்கியது. விசராய் லிற்றன் அதைக் கண்டித்தார். வணிகரின் வேலையில் அரசாங்கம் தலையிடக்கூடாது. விலை ஏறினால் தானியம் தானாக வரும். விலை ஏறியது. தானியமும் சில இடங்களுக்கு ரயிலில் வந்தது. வாங்கக் காசில்லாதவனுக்கு விலையேற்றம் எதை அறிவிக்கும் என்பது வளையியில் இல்லை. அந்த வருடங்களில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை போவதும் நிற்கவில்லை. 1877 தை முதலாம் திகதி டில்லியில் விக்ரோறியா இந்தியாவின் பேரரசியாகப் பிரகடனம் செய்யப்பட்டார்.

அந்தத் தை மாதத்தில்தான் சேர் றிச்சட் ரெம்பிள் பஞ்சத்தைப் பார்வையிட வந்தார். இவரும் ஹெய்லிபரியில் படித்தவர். இவருக்கு ஒரு முன்கதை உண்டு. 1874 இல் பீகாரிலும் வங்காளத்திலும் பஞ்சம் வந்தபோது இவர் பர்மாவிலிருந்து பெருந்தொகை அரிசி இறக்கினார். பட்டினிச்சாவு மிகச் சொற்பம். அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டல்ல, காசை வீணடித்தவர் என்ற ஏச்சு. சனங்களைக் காப்பாற்றியதற்காக ஏச்சு வாங்கிய மனிதர், மூன்று வருடம் கழித்துத் தன் பெயரைத் திருத்திக்கொள்ளச் சென்னைக்கு வந்தார்.

நிவாரண வேலைத்தளங்களில் கூலியைக் குறைத்தார். ஒரு ஆணுக்கு நாள் முழுதும் மண் வெட்டிச் சுமப்பதற்கு ஒரு இறாத்தல் தானியமும் ஒரு அணாவும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. வரலாற்றில் இதற்கு ரெம்பிள் கூலி என்றே பெயர். அதோடு தூரச் சோதனை என்று ஒன்று: வேலைத்தளம் வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் நடந்து வருகிறவனே உண்மையான பஞ்சக்காரன். கூலி கூடினால் பழகிவிடுவார்கள், சொந்த வேலையை விட்டுவிட்டு நிவாரணத்துக்கு ஓடி வருவார்கள் என்பது பயம்.

ஒரு இறாத்தல் என்றால் எவ்வளவு என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சங்கக்கடையில் ஒரு இறாத்தல் பாண் வாங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். 450 கிராம். நான் வேலை செய்யும் குசினியில் றிசோற்றோவுக்கு ஒரு கோப்பைக்கு எண்பது கிராம் அரிசி நிறுப்போம், அதோடு வெண்ணெயும் சீஸும் வேறு. நூலகத்தில் ரெம்பிள் கூலியைப் பற்றி வாசித்த அடுத்த நாள் குசினித் தராசில் 450 கிராம் அரிசியைக் கொட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய 1,600 கலோரி. நான் பத்து மணித்தியாலம் நின்று பாத்திரம் தூக்கினாலே அது போதாது. வெயிலில் கல்லுடைக்கிறவனுக்கு எப்படிப் போதும்? என்ன செய்கிறாய் என்று செஃப் கேட்டார். தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன்.

இதே கேள்வியை அன்றைக்கே கேட்ட ஒருவர் இருந்தார். வில்லியம் கோர்னிஷ், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையாளர், மருத்துவர். ஒன்றரை இறாத்தல் தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் மரக்கறியும் வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடினார். ரெம்பிளுக்கும் அவருக்கும் நடந்த வாக்குவாதம் எழுத்தில் இருக்கிறது. ஒருவர் கோட்பாட்டிலிருந்து மனிதனைப் பார்த்தார். மற்றவர் வேலைத்தளத்தில் வரிசையில் நின்றவர்களின் கால் வீக்கத்தைப் பார்த்தார். அந்த வருடமே சென்னை அரசாங்கம் கூலியைக் கொஞ்சம் உயர்த்திப் பருப்பும் சேர்த்தது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள். பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இறந்தவர் தொகை ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்று பின்னர் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தப் பஞ்சத்தை இரண்டு பாகமாக 1878 இல் எழுதிவைத்த வில்லியம் டிக்பி, முன்பு இலங்கையில் பத்திரிகையாளராக இருந்தவர். சென்னைக்குப் போகிறவர்கள் பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்திருப்பார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதி அந்த நிவாரணக் கூலிகளால் வெட்டப்பட்டது.

பஞ்சத்தில் தப்பியவர்களில் பெருந்தொகையானோர் கடல் தாண்டினார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுப் பாதையால் மாத்தளைப் பக்கம் நடந்து கோப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போதே கங்காணியின் கொப்பியில் ஒவ்வொருவர் தலையிலும் கடன். ஆனால் பிஜிக்கும் மொரீசியசுக்கும் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள், இலங்கைக்கு வந்தவர்கள் சுயவிருப்பில் வந்தவர்கள் என்றுதான் ஆவணங்கள் பேசின. இவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிரசாவுரிமை 1948 இல் பறிக்கப்பட்டபோதும், வேலை தேடி வந்தவர்கள்தானே என்ற நியாயமும் சொல்லப்பட்டது. ஏன் இந்த நாட்டைத் தெரிவு செய்தீர்கள் என்ற கேள்விக்கு வயது அதிகம்.

5

இந்த வரலாற்றில் என்னை ஆகவும் யோசிக்க வைத்த சம்பவம் சென்னையிலல்ல, பம்பாய் மாகாணத்தில் நடந்தது. அங்கேயும் கூலி குறைக்கப்பட்டது. அப்போது ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண வேலையை விட்டு வெளியேறினார்கள். பட்டினி கிடப்பவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள்! புனே சர்வஜனிக் சபா அவர்களுக்காக மனு எழுதியது. அதிகாரிகளுக்கு இது விளங்கவில்லை. ஒரு இறாத்தலுக்கும் வெறும் கைக்கும் இடையில் தெரிவு செய்யச் சொன்னால் பகுத்தறிவுள்ளவன் ஒரு இறாத்தலைத்தான் எடுப்பான். வேண்டாம் என்று போகிறான் என்றால் அவனிடம் வேறு வழி இருக்கிறது, அவனுக்கு உண்மையில் பஞ்சமே இல்லை என்று முடிவெடுத்தார்கள். சோதனை வெற்றி.

நான் வேலை செய்யும் ஊரிலிருந்து கேர்ள்ன் நகரம் ரயிலில் ஒரு மணித்தியாலம். அங்கே பல்கலைக்கழகத்தில் வேர்னர் கியூத்தும் இன்னும் இருவரும் ஒரு சிறிய விளையாட்டைச் செய்து பார்த்து 1982 இல் வெளியிட்டார்கள். இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஒருவருக்கு ஒரு தொகைக் காசு. அதில் ஒரு பங்கை மற்றவருக்கு அவர் தர முன்வர வேண்டும். மற்றவர் சம்மதித்தால் இருவரும் எடுத்துக்கொள்ளலாம். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பாடப்புத்தக மனிதன் ஒரு மார்க் தந்தாலும் வாங்குவான். ஒன்றுமில்லாததைவிட ஒரு மார்க் மேல். நடந்தது வேறு. சொற்பத்தைத் தந்தபோது பலர் மறுத்தார்கள். தங்களுக்கு நட்டம் வந்தாலும் பரவாயில்லை, இப்படி ஒரு பங்கீட்டுக்குத் தலையாட்ட மாட்டோம் என்றார்கள். தருகிறவர்களும் அதை உணர்ந்து பாதிக்குக் கிட்டத்தான் தந்தார்கள்.

பிறகு உலகின் பதினைந்து சிறு சமூகங்களில் இதைச் செய்து பார்த்து 2001 இல் எழுதினார்கள். பெருவின் காட்டில் வாழும் மச்சிகெங்கா மக்கள் கால்பங்கு அளவில் தந்தார்கள். அதை அநேகமாக எவரும் மறுக்கவில்லை. சேர்ந்து திமிங்கிலம் வேட்டையாடும் இந்தோனேசியாவின் லமலேரா மக்கள் பாதிக்கு மேல் தந்தார்கள். பப்புவா நியூகினியில் சிலர் பாதிக்கு மேல் தந்ததையே மறுத்தார்கள். வாங்கினால் பிறகு கடமைப்பட வேண்டும் என்ற தயக்கம். பதினைந்தில் ஒன்றிலும் பாடப்புத்தக மனிதன் அகப்படவில்லை.

கேர்ள்ன் மாணவர்களின் மறுப்புக்குப் பொருளியல் இன்று மரியாதையான பெயர்கள் வைத்திருக்கிறது. 1877 இல் வெறும் வயிற்றோடு அதைச் செய்தவர்களுக்கு அன்று கிடைத்த பெயர் சோம்பேறிகள்.

6

இதற்கு ஒரு பதில் உண்டு, வாசகர் நினைத்திருப்பீர்கள். மற்றவனுக்குக் கொடுப்பதில் எனக்கு மனத்திருப்தி வருகிறது, அந்தத் திருப்தியும் என் பயன்பாடுதானே, ஆகவே அதுவும் சுயநலம்தான் என்று. பல்கலைக்கழகத்தில் எங்களுக்கும் இப்படித்தான் விளக்கம் தரப்பட்டது. ஆனால் கொடுத்தாலும் சுயநலம், பறித்தாலும் சுயநலம், பட்டினி கிடந்து மறுத்தாலும் சுயநலம் என்றால் அந்தச் சொல் எதைத்தான் சொல்கிறது? என்ன மழைக்கும் வெயிலுக்கும் ஒரே பலன் சொல்லும் சாத்திரியை ஊரில் எவரும் நம்ப மாட்டார்கள்.

1977 இல் அமர்த்தியா சென் இந்த மனிதனைப் பகுத்தறிவுள்ள மூடன் என்று அழைத்து ஒரு கட்டுரை எழுதினார். அனுதாபம் வேறு, கடப்பாடு வேறு என்று அவர் பிரித்தார். உன் துன்பம் எனக்கும் வலிப்பதால் உதவினால் அது அனுதாபம். எனக்கு வலிக்காவிட்டாலும், நட்டம் வந்தாலும், இது பிழை என்பதற்காகத் தடுத்தால் அது கடப்பாடு. சென் 1943 வங்காளப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்டவர். அந்தப் பஞ்சம் அரிசி இல்லாமல் வந்ததல்ல, அரிசியை வாங்கும் உரித்து சனங்களிடம் இல்லாமற் போனதால் வந்தது என்று 1981 இல் காட்டினார்.

அவருக்கு முன்பே இந்தக் கதையின் வேரைத் தோண்டியவர் கார்ல் பொலானி. அவரும் எங்களைப் போல நாடு மாறி நாடு மாறிப் போனவர். 1919 இல் புடாபெஸ்ட்டை விட்டார், 1933 இல் வியன்னாவை விட்டார், இலண்டனில் தொழிலாளருக்கு இரவு வகுப்பு எடுத்தார். 1944 இல் வெளிவந்த "மாபெரும் மாற்றம்" நூலில், உழைப்பை வெறும் சரக்காக்கும் சந்தை இயற்கையாக முளைக்கவில்லை, 1834 சட்டம் போன்றவற்றால் வலிந்து அமைக்கப்பட்டது என்றார். இந்தியப் பஞ்சங்களையும் அங்கே தொட்டார். அவருடைய மனைவி இலோனா இடதுசாரியாக இருந்ததால் அமெரிக்கா அவருக்கு விசா மறுத்தது. பொலானி நியூயோர்க்கில் படிப்பித்துக்கொண்டு, வீட்டைக் கனடாவில் பிக்கரிங்கில் வைத்திருந்தார். இன்றைக்கு எங்கள் சனம் நிறைந்திருக்கும் ஸ்காபரோவுக்கு அடுத்த ஊர்.

இதிலிருந்து, நாங்களெல்லாம் பாசத்தால் கட்டுண்டவர்கள், கணக்குப் பார்ப்பது வெள்ளைக்காரனின் குணம் என்று ஒரு முடிவுக்கு வந்தால் அது பெரிய பொய். நாங்கள் பார்க்காத கணக்கா? சீதனப் பேச்சில் தங்கையை எடை போடுகிறோம். சீட்டை எடுத்துப் பாருங்கள். இருபது பேர் மாதாமாதம் காசு போடுகிறோம், கழிவு கூறி ஒருவர் எடுக்கிறார். எழுத்தில் ஒன்றுமில்லை, நீதிமன்றம் போக முடியாது. பாடப்புத்தக மனிதன் முதல் மாதமே சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் தொலைபேசி இலக்கத்தை மாற்றிவிடுவான். அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவரிடம் நான் எட்டு மாதக் காசை இழந்தேன். ஆனால் மீதிப் பேர் கோப்பை கழுவிய காசைத் திகதி தவறாமல் கொண்டுவந்து தருவதால்தான் சீட்டு என்ற ஒன்று இருக்கிறது. நாங்கள் ஓடிப்போனவரைப் பற்றியே கதைக்கிறோம். காசு கட்டியவர்களைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறோம். பொருளியலும் இதே பிழையைத்தான் விட்டது.

பாசமும் எப்போதும் பாசமல்ல. முன்பு நான் வேலை செய்த இடத்தில் முதலாளி எங்கள் ஆள். "தம்பி, நாங்கள் எல்லாம் ஒரு ஊர்" என்று சொல்லிச் சொல்லியே பாதிச் சம்பளம் தந்தார். வீட்டுக்கு அனுப்பும் காசும் அப்படித்தான். அதில் அன்பும் இருக்கிறது, பயமும் இருக்கிறது, ஊர் என்ன சொல்லும் என்பதும் இருக்கிறது. எது எத்தனை கிராம் என்று எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. மனிதன் சுயநலக்காரன் இல்லை என்பதல்ல என் வாதம். அந்த ஒழுங்கைக் கடைக்காரரைப் போல அவன் ஒரே நாளில் இரண்டுமாக இருக்கிறான். அவனில் ஒரு பாதியை வெட்டியெடுத்து, அதை ஏழைக்கும் அந்நியனுக்கும் மட்டும் முகமாக மாட்டிவிடும் உரிமை யாருக்கும் இல்லை என்பதே.

7

எண்பதுகளில் இங்கு வந்த அண்ணன்மார் உணவுப் பொதிகளையும் வேலைத் தடையையும் பற்றிச் சொல்வார்கள். அகதிக்கு வசதி கொடுத்தால் இன்னும் வருவார்கள் என்பதே அன்றைய நியாயம். 1993 இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது; தஞ்சம் கேட்பவருக்கான உதவி, நாட்டவருக்கான ஆகக் குறைந்த உதவியையும் விடக் குறைவாக இருக்க வேண்டும் என்று. 1834 இன் வாசனை அதில் அடிக்கிறது. அந்தத் தொகை கிட்டத்தட்ட இருபது வருடம் ஏறவே இல்லை. 2012 ஆடி 18 ஆம் திகதி ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் அது மனித மாண்புக்குப் போதாது என்று தீர்ப்பளித்தது. குடிவரவுக் கொள்கையின் தேவைக்காக மனித மாண்பைக் கூட்டிக் குறைக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் உயிர். தனி ஆளுக்கு 225 யூரோ அளவில் இருந்தது 346 யூரோவாகியது. நான் அப்போது முகாமில் இருந்தேன். எங்கள் மாடியில் இருந்த ஒரு ஆபிரிக்கத் தாய் அந்த மாதம் பிள்ளைக்குப் புதுச் சப்பாத்து வாங்கிவந்து எல்லோருக்கும் காட்டினார்.

2024 இல் காசுக்குப் பதில் கொடுப்பனவு அட்டை தரும் சட்டம் வந்தது. கையில் காசு கிடைத்தால் ஊருக்கு அனுப்புவார்கள், ஆள் கடத்துகிறவனுக்குக் கொடுப்பார்கள், அதை நிறுத்தினால் வருவது குறையும் என்று சொன்னார்கள். அட்டையிலிருந்து காசாக எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குப் பல இடங்களில் மாதத்துக்கு ஐம்பது யூரோ எல்லை. ரெம்பிள் கொடுத்த அந்த ஒரு அணா எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டையும் நான் ஒன்றென்று சொல்ல வரவில்லை. அங்கே செத்தார்கள், இங்கே எவரும் பட்டினியால் சாகவில்லை. ஆனால் வரிசையில் நிற்பவனைப் பார்த்து, இவன் எங்களை ஏமாற்றக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தவன் என்று முதலில் நினைக்கும் அந்த நினைப்பு, மேசையை மட்டும்தான் மாற்றியிருக்கிறது.

போன மாதம் எங்கள் குசினிக்கு ஒரு சிரியப் பொடியன் கோப்பை கழுவ வந்திருக்கிறான். வயது இருபத்திரண்டு. டொச் அவ்வளவாக வராது. வேலை முடிந்து பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கும்போது அவனிடம் ஊரைப் பற்றி, வழியைப் பற்றிக் கேட்டேன். கடல், பிறகு நடை, பிறகு ஒரு லொறி என்று கையால் காட்டினான். நானும் என் லொறியைக் கையால் காட்டினேன். இருவரும் சிரித்தோம். ஏன் இந்த நாடு என்று நான் அவனிடம் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன்.